மூடிய வீதிக்கு மேலே: பலாலி – இரத்மலானை லயன் எயார் சேவையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானங்களைக் காதால் தெரியும். கிபிர்ப் போர்விமானம் என்றால் சத்தம் வந்து சேருமுன்பே குண்டு விழுந்திருக்கும். விமானப்படையின் அவ்ரோவுக்கும் அன்ரனோவுக்கும் கனத்த இரைச்சல். ஹெலிக்கு வெட்டி வெட்டி வரும் சத்தம். எதைக் கேட்டாலும் கால் தானாகப் பங்கர் பக்கம் திரும்பும்.

நாங்கள் அப்போது முழங்காவில் பக்கம் இருந்தோம். அங்கே ஒரு சத்தத்துக்கு மட்டும் அம்மா எங்களை ஓட விடமாட்டார். மேற்கே, கடல் பக்கமாக, பகல் வேளையில் சீராகக் கேட்டுப் போகும் இரைச்சல் அது. "ஓடாத பிள்ளை, அது சனத்தின்ர பிளேன்" என்பார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் சுளகைக் கீழே வைக்கமாட்டார். தலையை மட்டும் நிமிர்த்திப் பார்ப்பார்.

அந்தச் சனத்தின் பிளேனைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. லயன் எயார் என்ற சிறிய இலங்கை நிறுவனம் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் கொழும்பை அடுத்த இரத்மலானைக்கும் இடையே பயணிகளை ஏற்றியது. (பின்னாளில் பெயர்பெற்ற இந்தோனேசியாவின் லயன் எயார் வேறு. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.) சிறிய விமான நிறுவனங்கள் விழுவதற்குப் பெரும்பாலும் எண்ணெய் விலை, கடன், பெரிய நிறுவனத்தின் போட்டி என்று காரணம் சொல்வார்கள். இந்தச் சேவையை அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒரு வீதி மூடிக் கிடந்ததால் பிறந்த சேவை இது. வீதியை மூடிய அதே போர்தான் அதை வீழ்த்தியது.

வீதி திறந்திருந்த காலத்து விமானம்

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பதற்காக எயார் சிலோனில் தொடங்குகிறேன். 1947 டிசம்பர் 10 அன்று அதன் முதல் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. நாட்டின் முதல் தேசிய விமானச் சேவையின் முதல் பயணத்திலேயே வடக்கில் ஒரு தரிப்பு இருந்தது. 1956 ஏப்ரலில் கொழும்பு – யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அறுபதுகளில் அவ்ரோ 748 வந்தது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறியவர்கள் அவசரக்காரர்களும் வசதிக்காரர்களும்தான். மற்றவர்களுக்கு இரவு மெயில் ரயிலும் யாழ்தேவியும் இருந்தன, பஸ் இருந்தது. எயார் சிலோன் கடனிலும், அடிக்கடி மாறிய வெளிநாட்டுக் கூட்டாளிகளாலும், நிர்வாகச் சீர்கேட்டாலும் தேய்ந்தது. 1978 செப்டெம்பர் 7 அன்று அதன் அவ்ரோ ஒன்று இரத்மலானையில் தரையில் நின்றபோதே குண்டுவெடிப்பில் அழிந்தது. 1979 இல் எயார் லங்கா பிறந்தது. எயார் சிலோன் மூடப்பட்டதால் வடக்கில் ஒருவரின் வைத்தியமோ, படிப்போ, கல்யாணமோ நின்றுபோகவில்லை. ஏனென்றால் வீதி திறந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் தீவானது

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியதும் யாழ்தேவி நின்றது, கண்டி – யாழ்ப்பாண வீதியான ஏ9 அறுந்தது. ஆனையிறவில் படைமுகாம் இருந்ததால் சனம் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து வன்னிக்குள் வந்து, அங்கிருந்து வவுனியாவுக்குப் போனது. ஆபத்தான வழிதான், ஆனாலும் அது வன்னிக்கு ஊடாகப் போன வழி. யாழ்ப்பாணத்தானும் வன்னியானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடிந்தது.

1995 முடிவிலும் 1996 முதல் பாதியிலும் குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போனபின் அதுவும் போயிற்று. வடக்கே குடாநாடு அரசிடம், தெற்கே வவுனியா அரசிடம், நடுவில் வன்னி புலிகளிடம். கரையில் ஒட்டிக்கொண்டிருந்த குடாநாடு நடைமுறையில் தீவாகிவிட்டது. வெளியே போகக் கப்பல் இருந்தது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து தரைவழி. இல்லையென்றால் விமானம்.

பெரியம்மா குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. நாங்கள் வன்னியில். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 வழியாக ஏறத்தாழ 65 கிலோமீற்றர்தான். ஆனால் பெரியம்மா எங்களைப் பார்க்க வேண்டுமென்றால், இராணுவத்திடம் பாஸ் எடுத்து, பலாலியில் விமானம் ஏறி, வன்னியைத் தாண்டிக் கொழும்புக்குப் போய், திரும்ப வடக்கே வவுனியாவுக்கு வந்து, அங்கே இன்னொரு அனுமதிக்குக் காத்திருந்து, பிறகு எங்கள் பக்கத்தில் இன்னொரு சோதனையைக் கடந்து வரவேண்டும். ஒருமுறை கொழும்பு வரைக்கும் போனவர், வவுனியாவுக்கு வராமலே திரும்பிவிட்டார். "உங்கட வீட்டுக்கு மேலால போயிருப்பன் எண்டு நினைச்சுக்கொண்டு யன்னலுக்கால பாத்தனான்" என்று பல வருடம் கழித்துச் சொன்னார். உண்மையில் அந்த விமானம் எங்கள் வீட்டுக்கு மேலால் போயிருக்காது. கடலோரமாகத்தான் போயிருக்கும். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

தொழில் எப்படி நடந்தது

பலாலியிலிருந்து இரத்மலானைக்கு நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர். அன்ரனோவ் 24 இந்தத் தூரத்தை ஒரு மணித்தியாலம் அளவில் கடக்கும். 1959 இல் முதலில் பறந்த சோவியத் விமானம் அது. இரண்டு டேர்போ புரொப் என்ஜின்கள், ஐம்பது பேர் அளவில் இருக்கை. இறக்கை உடலின் மேலே பொருத்தப்பட்டிருப்பதால் விசிறிகள் தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். அதனால் சுமாரான ஓடுபாதையிலும் கல் அடிக்கும் பயம் குறைவு. இறக்கை மேலே இருப்பதில் பயணிக்கும் ஒரு வசதி உண்டு: எந்த யன்னலில் இருந்தாலும் கீழே நிலமும் கடலும் மறைக்காமல் தெரியும். பெரியம்மா பார்த்தது அப்படித்தான்.

சோவியத் ஒன்றியம் 1991 இல் உடைந்தபின், அதன் குடியரசுகளில் சிறு சிறு விமானக் கம்பனிகள் முளைத்தன. விமானமும் ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களிடம் நிறைய. உள்ளூரில் வேலை இல்லை. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் கேட்டவர்களுக்குக் குறைந்த விலையில் வாடகைக்குக் கொடுத்தார்கள். லயன் எயாரின் அன்ரனோவும் பெலாரஸின் கோமெலாவியா நிறுவனத்திடமிருந்து வந்தது. ஊரில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ஓட்டுநரோடு சேர்த்துக் கூலிக்குப் பிடிப்பதைப் போன்ற ஏற்பாடு என்று நினைத்தால் விளங்கும். உழவில் ஏக்கர் கணக்கு, இங்கே பறக்கும் மணிக் கணக்கு. இந்த வகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மாதத்துக்கு இத்தனை மணி என்று குறைந்தபட்சம் ஒன்று எழுதியிருக்கும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதற்குக் காசு கட்ட வேண்டும்.

முதல் இல்லாதவன் விமானத் தொழிலுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி கிடையாது. இருக்கை நிறைந்தால் உடனே வருமானம். இந்தப் பாதையில் இருக்கையை நிரப்ப விளம்பரம் தேவைப்படவில்லை. வெளிநாட்டுத் தூதரகத்தில் நேர்முகம் உள்ளவர், கொழும்பில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர், பல்கலைக்கழகம் போகிற பிள்ளை, வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் போகிற பெண், கந்தோர் அலுவலாகப் போகிற அரச ஊழியர், வியாபாரி. எல்லோரும் கையில் பாஸுடன் வரிசையில் நின்றார்கள். வழக்கமான சிறு விமான நிறுவனம் பஸ்ஸோடும் ரயிலோடும் போட்டி போட்டுத்தான் பயணியைப் பிடிக்க வேண்டும். இங்கே பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பெரியம்மா சொன்னதில் எனக்கு மறக்காமல் இருப்பது பஸ். பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. நகரத்தில் பயணிகளைச் சேர்த்து, பொதிகளைக் கொட்டிச் சோதித்து, பஸ்ஸில் ஏற்றி, வெளியே ஒன்றும் தெரியாதபடி யன்னல்களை மறைத்துக் கொண்டுபோனார்களாம். அவர் பிறந்த ஊர் அந்த வலயத்துக்குள்தான் இருந்தது. அவரது சொந்த வீட்டு ஒழுங்கையை பஸ் தாண்டியிருக்கலாம். பஸ் குலுங்கிய விதத்தை வைத்து எந்தச் சந்தி என்று ஊகித்துக்கொண்டே போனாராம். பையில் பனங்கட்டியும் புழுக்கொடியலும் இருந்தன. பனங்கட்டிக் குட்டானை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்றார்.

இதில் ஒரு நிர்வாகப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. யார் பயணிக்கலாம் என்று தீர்மானித்தது பாதுகாப்பு அமைச்சும் இராணுவமும். ஓடுபாதை விமானப்படையுடையது. விமானமும் அதை ஓட்டியவர்களும் வெளிநாடு. கீழே உள்ள நிலம் புலிகளுடையது. கம்பனியின் கையில் மிஞ்சியது பயணச்சீட்டுப் புத்தகம் மட்டும்தான் என்று சொன்னால் மிகையில்லை. வாடிக்கையாளர் நிறைய இருந்தார்கள், ஆனால் அந்தத் தொழிலின் எந்தத் திருகாணியும் அதன் சொந்தக்காரரின் விரலுக்குள் இல்லை. நிறைந்து வழியும் கூட்டத்தைப் பார்த்து இது பலமான தொழில் என்று நம்பியவர்கள் கணக்கில் விட்டது இதைத்தான்.

எச்சரிக்கை

ஆபத்து தெரியாத ஆபத்தல்ல. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் பலாலிக்கு அருகே விமானப்படையின் இரண்டு அவ்ரோக்கள் அடுத்தடுத்து ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன. தோளில் வைத்து ஏவும் ஏவுகணை புலிகளிடம் இருக்கிறது என்பது அன்றோடு எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வகை ஏவுகணைகளின் எட்டுதூரம் சில கிலோமீற்றர்தான். உயரப் போய்விட்ட விமானத்தை அவற்றால் தொட முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தாழப் பறக்கும் விமானத்துக்குத்தான் ஆபத்து. அதனால்தான் உலகில் போர் நடக்கும் இடங்களில் விமானநிலையத்துக்கு நேர் மேலேயே சுற்றிச் சுற்றி உயரம் பிடித்த பிறகு பாதையில் சேர்வார்கள், அல்லது கரையை விட்டு மிகத் தள்ளிக் கடலுக்குள் போவார்கள். இரண்டுக்கும் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும்.

தனியார் விமானங்கள் படையினரை ஏற்றுவதாகப் புலிகள் குற்றம் சாட்டியதும், நிறுவனங்களை எச்சரித்ததும் அக்காலத்தில் பரவலாக வெளிவந்த செய்திகள். அரசு சேவையை நிறுத்தவில்லை. கம்பனி நிறுத்தவில்லை. சனமும் ஏறுவதை நிறுத்தவில்லை. சனம் ஏறியதற்கு வேறு வழியில்லாததே காரணம். மற்ற இருவருக்கும் அந்தச் சாக்கு இல்லை என்பது என் கருத்து. ஒரு வான்பாதை பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது பயணி அல்ல. 2014 ஜூலையில் உக்ரேனுக்கு மேலே மலேசிய விமானம் 298 பேரோடு வீழ்த்தப்பட்டபோது உலகம் இதே கேள்வியைக் கேட்டது: சண்டை நடக்கும் இடத்தின் வானத்தை ஏன் மூடவில்லை? எங்கள் கேள்விக்கு அப்போதே பதினாறு வயது.

சுட்டவர்களின் பொறுப்பை இது ஒரு துளியும் குறைக்காது. குடிசார் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்று 1984 இல் சிகாகோ உடன்படிக்கையில் தனியாக ஒரு உறுப்புரை சேர்க்கப்பட்டது. அது நாடுகளுக்காக எழுதியது என்று சட்டம் பேசலாம். வன்னியில் வாழ்ந்த ஒரு தாய்க்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆனாலும் அது சனத்தின் பிளேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1998 செப்டெம்பர் 29

அந்த நாட்கள் வன்னிக்கு எப்படிப்பட்டவை என்று சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஏ9 ஐப் பிடித்துத் திறப்பதற்காக இராணுவம் 1997 மே 13 அன்று தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை ஒன்றரை வருடத்தை நெருங்கியும் முடியவில்லை. செப்டெம்பர் கடைசியில் புலிகள் கிளிநொச்சியைத் தாக்கிப் பிடித்தார்கள். மாங்குளத்தை இராணுவம் பிடித்தது. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு இரவு பகலாக எறிகணைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல், இ.டபிள்யூ-46465 என்ற இலக்கமுடைய அன்ரனோவ் 24, லயன் எயார் 602 ஆம் இலக்கப் பயணமாகப் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். புறப்பட்ட சிறிது நேரத்தில் தொடர்பு அறுந்தது. மன்னார்க் கடலுக்கு மேலே அது காணாமல் போனது என்றார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு.

இந்த இடத்தில் நிறுவனத்தின் கதை கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணச் சேவை நின்றது. சொந்தமாக ஒன்றும் இல்லாமல் தொடங்கிய தொழில் விழும்போது பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. போர் இடருக்கான காப்புறுதி, வாடகைக்குத் தர முன்வரும் கம்பனி, பறக்க ஒப்புக்கொள்ளும் விமானி: இம்மூன்றும் நம்பிக்கையில் தொங்குபவை. ஒரே பகலில் மூன்றும் போய்விடும். குடாநாட்டுச் சனம் திரும்பவும் கப்பலைப் பார்த்து நின்றது.

அதன்பின் பறந்தவர்கள்

பின்னர் எக்ஸ்போ நிறுவனம் அந்தப் பாதையில் பறந்தது. 2002 ஏப்ரல் 8 அன்று போர்நிறுத்தத்தால் ஏ9 திறந்தபோது, இந்த ஆய்வின் முக்கியமான பரிசோதனை தானாக நடந்தது. ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, பொதியை அவிழ்த்துக் கட்டி, வெயிலில் மணிக்கணக்கில் நின்றாலும் சனம் பஸ்ஸிலும் வான் வண்டியிலும்தான் வந்தது. கிளிநொச்சியில் வீதியோரம் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. பெரியம்மா வீட்டு வாசலில் வந்து இறங்கினார், ஒரு குட்டான் பனங்கட்டியோடு. 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலை மூடியதும் திரும்பவும் விமானத்துக்கும் கப்பலுக்கும் வரிசை. வீதி மூடினால் விமானத்துக்கு ஆள், திறந்தால் இல்லை. தண்ணீரைத் திறந்து பூட்டுவதைப் போல அவ்வளவு நேரான தொடர்பு.

எக்ஸ்போ அதன்பின் சரக்குப் பக்கம் வளர்ந்து, ஃபிட்ஸ் எயார் என்ற பெயரில் இன்று வெளிநாடுகளுக்குப் பறக்கிறது. ஒரு மூடிய வீதியை மட்டும் நம்பி இருக்கவில்லை என்பதுதான் அது பிழைத்ததற்கு நான் காணும் காரணம். யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் திரும்பியது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சேர்ந்தது. சென்னைப் பாதையில் ஆள் ஏறுகிறது, ஏனென்றால் அங்கே நடுவில் உண்மையாகவே கடல் இருக்கிறது. கொழும்புப் பாதை இன்றுவரை தட்டுத்தடுமாறுகிறது. வவுனியாவிலும் இரணைமடுவிலும் ஓடுபாதைகள் உண்டு, அவை விமானப்படையிடம்.

இரணைதீவுக் கடல்

2012 ஒக்டோபரில் கடற்படைச் சுழியோடிகள் 602 இன் சிதைவைக் கண்டார்கள். கைதான முன்னாள் போராளி ஒருவர் சொன்னதை வைத்து இடம் தெரியவந்தது என்று பாதுகாப்புத் தரப்பு அறிவித்தது. இடம் இரணைதீவுக்கு அருகே. எங்கள் முழங்காவில் கரையிலிருந்து வள்ளத்தில் போகும் தீவு அது. 2013 இல் பாகங்களை மேலே எடுத்தார்கள். 2014 தொடக்கத்தில், கடலுக்கு அடியிலிருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்து, உறவினர்களை வந்து அடையாளம் காணச் சொன்னார்கள். பதினைந்து வருடம் உப்புத்தண்ணீரில் கிடந்த சேலையின் கரையைப் பார்த்து இது அம்மாவினதா என்று பிள்ளை சொல்லவேண்டும்.

அந்தக் கடல் ஆழமானதல்ல. பாக்கு நீரிணைப் பக்கம் முழுவதும் அப்படித்தான்; சுழியோடிக் கடலட்டை எடுக்கும் கடல். கீழே எங்கே கல், எங்கே சேறு, எங்கே வலை சிக்கும் என்று இரணைதீவு ஆட்களுக்கு உள்ளங்கை போலத் தெரியும். ஆனால் அவர்கள் 1992 இலேயே தீவை விட்டு இடம்பெயர்ந்து இரணைமாதாநகரில் இருந்தார்கள். போர் முடிந்தபின் தீவு கடற்படையிடம். விமானம் விழுந்த காலத்திலும், அது கிடந்த காலத்திலும், எடுத்த காலத்திலும், அந்தக் கடலை அறிந்தவர்கள் அங்கே குடியிருக்கவில்லை.

2017 மே முதலாம் திகதி அவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடிகளோடு வள்ளங்களில் ஏறித் தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள். நானும் அடுத்த வருடம் ஒருமுறை போனேன். தேவாலயத்தைத் துப்புரவாக்கியிருந்தார்கள். வள்ளக்காரரிடம் விமானம் கிடந்த இடம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். என்ஜினைக் குறைத்து, கையால் வடக்கே காட்டினார். "அந்தப் பக்கம் வலை விடேக்க ஒருக்கால் கும்பிட்டிட்டுத்தான் தம்பி விடுறது" என்றார்.